கீழடிக்கு ஒரு வகுப்பை அழைத்துச் செல்லும் முறை

தொல்பொருள் அருங்காட்சியகம் ஒன்றுக்கு மாணாக்கரை அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியருக்கு, அதிலும் இத்தகைய பிரயாணத்தை இதற்குமுன் தாமே பொறுப்பேற்று நடத்திப் பழக்கமில்லாதவருக்கு, உபயோகப்படும்படி இந்த அத்தியாயம் எழுதப்பெறுகிறது. இதில் கூறப்படும் கிரமம் எந்த அருங்காட்சியகத்துக்கும் பொருந்துமென்றாலும், ஓரிடத்தை எடுத்துக்கொண்டு பேசினால் விஷயம் தெளிவுபடுமாதலால், மதுரைக்குத் தென்கிழக்கே ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள் இருக்கும் கீழடி அருங்காட்சியகத்தையே உதாரணமாகக் கொள்கிறேன். 2023ஆம் ஆண்டு மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பெற்ற அந்த அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில் கட்டப்பட்டது. 2015ஆம் ஆண்டில் மத்தியத் தொல்லியல் துறை தொடங்கி, பின்னர் மாநிலத் தொல்லியல் துறை ஏற்று நடத்திவரும் அகழாய்வில் கிடைத்த பொருள்கள் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. அவை கிடந்த தென்னந்தோப்புகளும் அருகிலேயே இருக்கின்றன. பொருளையும் அது புதைந்திருந்த மண்ணையும் ஒரே நாளில் பார்க்கும் பாக்கியம் நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிக்கடி வாய்ப்பதன்று.

என் அபிப்பிராயம் ஒன்றைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு பொருள்களின்முன் நின்று, பார்த்து, வரைந்து, கேள்வி கேட்டுத் திரும்பும் பிள்ளை, எல்லாக் கூடங்களையும் வரிசையாகக் கடந்து திரும்பும் பிள்ளையைவிட எத்தனையோ மடங்கு அதிகமாகக் கற்றுக்கொள்கிறது. கீழே சொல்லப்படும் ஏற்பாடுகள் யாவும் அந்த நிதானத்துக்கு அவகாசம் உண்டாக்கும் பொருட்டே அமைந்தவை.

ஒரு மாதத்துக்கு முன்

1. தனியே ஒருமுறை போய்ப் பாருங்கள். வகுப்போடு போகும் நாளுக்கு முன்பே நீங்கள் மட்டும் சென்று, பேருந்து எங்கே நிற்கலாம், கழிப்பறை எங்கே, குடிநீர் எங்கே, பிள்ளைகள் உட்கார்ந்து சாப்பிட நிழலான இடம் எது, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்குச் சாய்தளம் எந்தப் பக்கம் என்பவற்றைக் கண்டு குறித்துக்கொள்ளுங்கள். காட்சிக்கூடங்களில் நீங்கள் நிறுத்திக் காட்டப்போகும் பொருள்களையும் அன்றே தேர்ந்தெடுத்துவிட வேண்டும்.

2. விடுமுறை நாளையும் பார்வை நேரத்தையும் விசாரித்து, வருகையை முன்கூட்டியே தெரிவியுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒவ்வோரிடத்துக்கும் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. பள்ளியின் முத்திரையிட்ட கடிதத்தில் வகுப்பு, மாணாக்கர் எண்ணிக்கை, வந்துசேரும் நேரம் ஆகியவற்றை எழுதி அனுப்பினால், அதே வேளையில் வேறு பள்ளிகள் வருகின்றனவா என்பதும் தெரிந்துவிடும். மூன்று பள்ளிகள் ஒரே சமயத்தில் கூடிவிட்டால், எவ்வளவு கெட்டிக்கார ஆசிரியராலும் ஒன்றும் கற்பிக்க இயலாது.

3. மாதத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். சித்திரை, வைகாசி வெயில் அகழாய்வு நடக்கும் வெளியிடத்துக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ அகழாய்வுக் குழிகளில் நீர் தேங்கும், பாதை வழுக்கும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களே உத்தமம்.

4. பெற்றோரின் சம்மதக் கடிதத்தைப் பெறுங்கள். அதில் புறப்படும் நேரம், திரும்பும் நேரம், செலவுத் தொகை, பெற்றோரின் தொலைபேசி எண் ஆகியவற்றோடு, பிள்ளைக்கு இழுப்பு, வலிப்பு, உணவு ஒவ்வாமை, தவறாமல் சாப்பிட வேண்டிய மருந்து ஏதேனும் உண்டா என்ற கேள்வியும் கட்டாயம் இருக்க வேண்டும். பணம் கட்ட இயலாத பிள்ளை ஒன்றுகூடப் பின்தங்கிவிடாதபடி தலைமையாசிரியரிடமும் பெற்றோர் ஆசிரியர் கழகத்திடமும் முன்பே பேசி, அந்த ஏற்பாடு பிற மாணாக்கருக்குத் தெரியாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

5. வாகனத்தின் தகுதிச் சான்று (எஃப்.சி.), காப்பீடு, ஓட்டுநரின் உரிமம் ஆகியவற்றை நேரில் வாங்கிப் பாருங்கள். இருட்டுமுன் பள்ளிக்குத் திரும்பிவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்ளுங்கள். இரவுப் பிரயாணம் வேண்டாம்.

6. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற கணக்கில் ஆட்களைச் சேருங்கள். ஐம்பது பேர் வகுப்புக்கு ஐவர் வேண்டும். பெண் பிள்ளைகள் உள்ள வகுப்பாயின் ஆசிரியை ஒருவராவது உடன் வருவது அவசியம்.

வகுப்பறையில் செய்ய வேண்டிய ஆயத்தம்

இந்தப் பகுதியைத்தான் அநேகர் தவிர்த்துவிடுகிறார்கள். முன்னேற்பாடின்றி அருங்காட்சியகத்துக்குள் நுழையும் பிள்ளைக்கு, உடைந்த சட்டித் துண்டு உடைந்த சட்டித் துண்டாகவே தோன்றும். அதில் அதிசயிக்க என்ன இருக்கிறது என்று அது எண்ணுவதில் தவறுமில்லை. ஆகையால் புறப்படுவதற்கு முந்தின வாரத்தில் மூன்று வகுப்பு நேரங்களை இதற்கென்று ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

7. முதல் நாள், ஆழத்தை அளந்து காட்டுங்கள். மாநிலத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட கரித்துண்டு ஒன்று, கதிரியக்கக் கார்பன் முறையில் சோதிக்கப்பெற்று, கி.மு. 580ஐச் சேர்ந்ததெனக் கணிக்கப்பட்டது. அளவு நாடா ஒன்றை எடுத்து, பள்ளியின் வெளிச்சுவரில் தரையிலிருந்து 353 சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். ஏணியில் ஏறுபவர் பெரியவராகவே இருக்கட்டும். பிறகு பிள்ளைகளை அச்சுவரடியில் நிற்கவைத்து, அண்ணாந்து பார்க்கச் சொல்லி, அந்தக் கோடுதான் இன்று நாம் நடக்கும் தரை, நீங்கள் நிற்குமிடம் அந்தக் கரி கிடந்த இடம் என்று சொல்லுங்கள். காலம் மண்ணாகப் படிந்து மேலேறுகிறது என்ற கருத்தை வேறெந்தப் பிரசங்கமும் இத்தனை பிரத்தியட்சமாக உணர்த்தாது.

8. இரண்டாம் நாள், உடைந்த பானையைக் கொண்டுவாருங்கள். பழைய மண்பானை ஒன்றைச் சாக்குக்குள் வைத்து நீங்களே உடைத்து, கூரான விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்கிய பின், குழுவுக்கு ஐந்தாறு துண்டுகளாகக் கொடுங்கள். வாய் விளிம்பு எது, அடிப்பாகம் எது, உள்பக்கம் எது, கரி படிந்திருப்பதால் அடுப்பில் ஏறிய பானையா என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். இந்தப் பயிற்சி முடிந்த வகுப்பு, காட்சிப் பெட்டிக்கு முன் நிற்கும்போது தானாகவே விளிம்பைத் தேடும்.

9. மூன்றாம் நாள், பானை ஓடுகளில் காணப்படும் பழைய தமிழ் எழுத்தாகிய தமிழியின் அட்டவணை ஒன்றை மாட்டி, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை அவ்வெழுத்தில் எழுதிப் பழகச் செய்யுங்கள். ககரம் கூட்டல் குறியாகவும், ரகரம் நெட்டுக்கோடாகவும் இருப்பதைக் கண்டவுடன் அவர்களுக்கு உண்டாகும் உற்சாகத்தைப் பார்க்க வேண்டும்.

குறிப்பு: காலக் கணிப்பைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் நடப்பதை மறைக்காதீர்கள். ‘அறிக்கை இவ்வாறு சொல்கிறது, அதற்கு ஆதாரம் இந்தக் கரித்துண்டு’ என்று சொல்லிக்கொடுத்தால், ஆதாரத்தையும் அதிலிருந்து செய்யப்படும் அநுமானத்தையும் பிரித்தறியும் பழக்கம் பிள்ளைக்குச் சிறு வயதிலேயே படியும். நம் ஊர்ப் பழமையில் நாம் கொள்ளும் பெருமிதம் நியாயமானதே. அதன்பொருட்டு ஆண்டுகளைக் கூட்டிச் சொல்வது மட்டும் ஆகாது.

புறப்படும் நாள்

10. பேருந்தில் ஏறும்போது, இறங்கும்போது, ஒவ்வொரு கூடத்தையும் விட்டு வெளிவரும்போது தலை எண்ணுங்கள். மொத்தத்தை ஒருவரே எண்ணுவதைவிட, ஒவ்வொரு பெரியவரும் தம் பத்துப் பேரைப் பெயர் சொல்லிச் சரிபார்ப்பது நிச்சயமான வழி.

11. பிள்ளையின் சட்டையில் பள்ளியின் பெயரும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணும் உள்ள அட்டையைக் குத்துங்கள். பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுத வேண்டாம்; முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைக்க அது இடங்கொடுக்கும்.

12. முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, கட்டுத்துணி, கிருமிநாசினி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், மாதவிலக்கு அணையாடைகள், பேருந்தில் குமட்டுபவர்களுக்குப் பைகள் ஆகியவை இருக்கட்டும். அவசர ஊர்திக்கு 108, குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்கள் உடன்வரும் பெரியவர் ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும்.

13. மதுரை–இராமேசுவரம் நெடுஞ்சாலையில் பேருந்தை நிறுத்திப் பிள்ளைகளை இறக்காதீர்கள். தேநீருக்கென்று ஓட்டுநர் நிறுத்த விரும்பினாலும், அருங்காட்சியக வளாகத்துக்குள் நுழைந்த பின்பே ஒருவரும் இறங்கலாம் என்பதை முன்பே சொல்லிவையுங்கள்.

காட்சிக்கூடத்தில்

வாயிலில் நுழையுமுன் மூன்று விதிகளை மட்டும் சொல்லுங்கள்: ஓடக் கூடாது, கண்ணாடியில் சாயக் கூடாது, பொருளைத் தொடக் கூடாது. விதியைச் சொல்லும்போது காரணத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் பிள்ளைகள் மனமுவந்து கட்டுப்படுவார்கள். நம் விரல்களிலுள்ள வியர்வையின் உப்பும் எண்ணெய்ப் பசையும் செம்பு, இரும்புப் பொருள்களின்மேல் படிந்து நாளடைவில் அவற்றை அரித்துவிடும்; ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வந்து தொட்டால், இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் தாக்குப்பிடித்தது சில ஆண்டுகளில் அழிந்துபோகும்.

14. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு கூடங்களிலிருந்து தொடங்குங்கள். ஐம்பது பேரும் ஒரே பெட்டியைச் சூழ்ந்தால் முன்வரிசைக்கு மட்டுமே பொருள் தெரியும். மட்பாண்டம், நெசவு, வேளாண்மையும் நீரும், கடல் வாணிகம், அன்றாட வாழ்க்கை எனப் பொருள்வாரியாகக் கூடங்கள் பிரிந்திருப்பது இதற்குப் பெரிய சௌகரியம்.

15. முதற் பத்து நிமிஷம் சும்மா சுற்றிப் பார்க்க விடுங்கள். புதிய இடத்தைக் கண்ட ஆவல் தணியாமல் எந்தப் பிள்ளையும் ஒரு பொருளின்முன் நிலைத்து நிற்காது.

16. பிறகு, ஒரு பொருளுக்குப் பத்து நிமிஷம். பென்சிலால் வரையச் சொல்லுங்கள். பேனாவையும் மையையும் பையிலேயே வைத்துவிட வேண்டும். படம் அழகாக அமைய வேண்டுமென்பதில்லை. வரைவதற்காகப் பார்க்கும் கண், வெறுமனே பார்க்கும் கண் காணாததையெல்லாம் காணும்.

எந்தப் பொருளை எப்படிக் காட்டுவது என்பதற்குக் கறுப்பு-சிவப்புப் பானை ஓட்டை எடுத்துக்கொள்வோம். முதலில் பெயர்ச்சீட்டைப் படிக்காமல் நிறத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: உள்பக்கமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. ஒரே மண், ஒரே சூளை; நிறம் ஏன் இரண்டாயிற்று என்று கேட்டுவிட்டு, உடனே விடை சொல்லாமல் காத்திருங்கள். சாயம் பூசினார்கள் என்று ஒருவன் சொல்வான். அடுப்பிலே கரிந்தது என்று இன்னொருத்தி சொல்வாள். எல்லாரும் சொல்லி முடித்த பின், சூளையில் காற்றுப் பட்ட பகுதி சிவந்தும் காற்றுப் படாத பகுதி கறுத்தும் வெந்தன என்பதைச் சொல்லி, அப்படியானால் பானையை எப்படிக் கவிழ்த்து வைத்திருப்பார்கள் என்ற அடுத்த கேள்வியை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

அதன்பின் எழுத்துள்ள ஓட்டுக்கு வாருங்கள். ‘ஆதன்’, ‘குவிரன் ஆதன்’ முதலிய ஆட்பெயர்கள் பொறித்த ஓடுகள் கீழடியில் கிடைத்திருக்கின்றன. எழுத்துக் கீறலின் ஓரத்தை உற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். ஈரக் களிமண்ணில் கீறியிருந்தால் கோட்டின் கரை வழுவழுப்பாக ஒதுங்கியிருக்கும். சூளையிலிருந்து வந்த பின் கூரான ஆணியால் கீறியிருந்தால் கரை சிதறி, மேற்பூச்சு சிறு சிறு செதில்களாகப் பெயர்ந்திருக்கும். முன்னதானால் எழுதியவர் பெரும்பாலும் பானை வனைந்தவராக இருக்கலாம். பின்னதானால் அதை வாங்கிக்கொண்டு போனவராகவும் இருக்கலாமே. தன் சாப்பாட்டுத் தட்டில் பெயர் வெட்டித் தரும்படி பாத்திரக் கடையில் கேட்ட தன் தாயை இந்த இடத்தில் எந்தப் பிள்ளையாவது நினைத்துக்கொண்டு சொல்லும். சொன்னால், அந்தப் பேச்சை வளரவிடுங்கள். அடுத்த கூடத்துக்கு நேரமாயிற்று என்று வெட்டிவிடாதீர்கள்.

சிறு பிள்ளைகளுக்கு, உடைந்த பானை ஓடுகளை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளும், தந்தத்தாலான பகடைகளும் போதும். பாண்டி விளையாடிய பெண் அந்தச் சில்லின்முன் விளக்கம் கேட்டு நிற்கமாட்டாள். நூல் நூற்கும் தக்களி, எலும்பாலான கூர்முனைக் கருவிகள், சூதுபவள மணிகள், சுடுமண் உறைகிணறு ஆகியவற்றை உங்கள் பாடத்துக்கு ஏற்பத் தேர்ந்துகொள்ளலாம். திரைக்காட்சிகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் திரையைக் கண்ட கண்ணுக்கு ஓட்டுத் துண்டு ருசிப்பதில்லை.

அகழாய்வுக் குழிகளின் அருகே

பதிவுகள் முடிந்த பின் குழிகளை மண்ணிட்டு மூடிவிடுவதும், மழைக்குத் தார்ப்பாய் போர்த்தியிருப்பதும் சாதாரணம். இதைப் புறப்படுமுன்னரே பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் அங்கே ஏமாற்றம் இராது.

எச்சரிக்கைகள்:

- குழியின் விளிம்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளியே நிற்க வேண்டும். பக்கச்சுவர் செங்குத்தாக வெட்டப்பட்டிருப்பதால், மேலே ஒருவர் மிதித்தாலும் விளிம்பு சரியும். கீழே விழுபவருக்கு அடிபடுவதோடு, பல மாத வேலையும் பாழாகும்.
- தென்னை மரத்தடியில் உட்காரவோ உணவருந்தவோ விடாதீர்கள். நிழலைத் தேடிப் பிள்ளைகள் அங்கேதான் போவார்கள். தேங்காயும் மட்டையும் விழுவதற்கு முன்னறிவிப்பு இல்லை.
- பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்கக் கூடாது. பாம்புக்கு அஞ்சி, எல்லாரும் மூடிய காலணி அணிந்து வருவது நல்லது.
- தரையில் கிடக்கும் ஓட்டுத் துண்டு எதையும் எடுக்கக் கூடாது.

கடைசி விதியைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘ஒரு சின்னத் துண்டுதானே, சார்’ என்று கேட்கும் பிள்ளையை அதட்டாமல் உட்காரவைத்து விளக்குங்கள். ஓடு எந்த ஆழத்தில், எந்த மண் அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதுதான் அதன் வயதையும் பயனையும் சொல்கிறது; பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோன ஓடு அவ்வளவையும் இழந்துவிடும். தன் ஊரில் கிணறு தோண்டும்போதோ ஏர் உழும்போதோ இத்தகைய பொருள் வெளிப்பட்டால், மேற்கொண்டு தோண்டாமல், அருகில் ஓர் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதையும் கற்றுக்கொடுங்கள். புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டமும், தொல்பொருள்கள் பற்றிய 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இன்றும் நடைமுறையில் இருப்பவை.

வழக்கமாக நேரும் பிழைகள்

ஒரே நாளில் பல இடங்களைச் சேர்த்துக்கொள்வது பிழைகளில் பெரியது. மதுரை வரைக்கும் வந்தாயிற்றே என்று மகாலையும் கோயிலையும் அழகர் மலையையும் பட்டியலில் சேர்த்துவிட்டால், கீழடிக்கு முக்கால் மணி நேரம் மிஞ்சும். பிள்ளைகளின் நினைவில் பேருந்தின் ஜன்னல்தான் தங்கும். கூடத்துக்கு இரண்டு மணி நேரமும், வெளியிடத்துக்கு ஒரு மணி நேரமும் குறைந்தபட்சம் வேண்டும்.

பெயர்ச்சீட்டுகளை நோட்டில் அப்படியே எழுதிவரச் சொல்வது அடுத்தது. பிள்ளைகள் தலை குனிந்தபடி எழுதி எழுதி, பொருளையே பார்க்காமல் வெளியே வருவார்கள். ‘ஐந்து பக்கம் கட்டுரை’ என்று முன்பே பயமுறுத்தி வைப்பதும் இதே தீமையைச் செய்யும்.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள். பன்னிரண்டரை மணிக்கு மேல் பசித்த பிள்ளைக்குச் சரித்திரம் ஏறாது. தயிர்சாதம், புளியோதரை போன்ற கட்டுச்சோறே வெளிக்கடை உணவைவிடப் பத்திரமானது. தண்ணீரும் அவரவர் புட்டியிலேயே இருக்கட்டும்.

திரும்பிய பின்

17. மறுநாளே, ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டிலுள்ள பழைய பொருள் ஒன்றை, பாட்டியின் வெற்றிலைப் பெட்டியோ தாத்தாவின் மரக்காலோ எதுவாயினும், தேர்ந்து அதற்கு அருங்காட்சியக முறையில் பெயர்ச்சீட்டு எழுதட்டும்: பொருள், எதனால் ஆனது, அளவு, கிடைத்த இடம், உபயோகம். உபயோகத்தை வீட்டுப் பெரியவரிடம் கேட்டே எழுத வேண்டும். விலையுயர்ந்த பொருளைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டாம்; படம் வரைந்து வந்தால் போதும்.

18. விடை கிடைக்காத கேள்விகளைத் தொகுத்து, நன்றிக் கடிதத்தோடு சேர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள்.

19. ஒரு கோப்பில் பேருந்து வாடகை, புறப்பட்ட நேரம், எந்தப் பொருளின்முன் பிள்ளைகள் அதிகம் நின்றார்கள், எந்த இடத்தில் தாமதமாயிற்று, சம்மதக் கடிதத்தின் மாதிரி ஆகியவற்றை வைத்துத் தலைமையாசிரியரிடம் ஒப்படையுங்கள். அடுத்த ஆண்டு இந்த வகுப்பை ஏற்கும் ஆசிரியர் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டியிராது.